கணினிக்குள் போட்டதுதான் வெளியே வருகிறதா?

அன்புள்ள ஐயா,

தண்ணீர் மூலக்கூறுகளைக் கணினிக்குள் மாதிரியாக ஓட்டி ஆராய்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். எங்கள் மெஷின், போட்ட புரோகிராமைத் தவிர வேறு எதையும் செய்யாது. 4 டிகிரியில் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம் என்பதை உள்ளே போட்டுவிட்டு, அதுவே வெளியே வந்ததும் கண்டுபிடிப்பு என்கிறார்களோ? அப்புறம், 4 டிகிரியை ஐஸ் பெட்டியில் மட்டுமே பார்க்கும் பினாங்குக்காரர்களுக்கு இதனால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான சந்தேகம். உள்ளே எதைப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், அவற்றுக்கு இடையே உள்ள தூரம், கோணம், மின்னேற்றம், எவ்வளவு நெருங்கினால் மூலக்கூறுகள் தள்ளிக்கொள்ளும் என்ற கணக்கு. அவ்வளவுதான். இந்த எண்களின் தொகுப்பைத்தான் மாதிரி என்கிறார்கள். பிறகு நியூட்டன் விதிப்படி எல்லாவற்றையும் நகர்த்த வேண்டியது. ஒரு நகர்வுக்கு ஒரு ஃபெம்டோ நொடி. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாக நறுக்கினால் கிடைக்கும் துணுக்கு.

ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மானும் அமெரிக்கரான ஃபிராங்க் ஸ்டில்லிங்கரும் 1971இல் இப்படி ஓட்டியது வெறும் 216 மூலக்கூறுகளை. 1974இல் மாதிரியைத் திருத்தி ஓட்டினார்கள். அடர்த்தி மிக அதிகமாகும் அந்த உச்சம் வந்தது, ஆனால் 27 டிகிரிக்குப் பக்கத்தில்! நம்மூர் ராத்திரி வெப்பம். எனக்கு இந்தத் தப்பான விடைதான் ரொம்பப் பிடிக்கும். விடையை உள்ளே ஒளித்து வைத்திருந்தால் 4 என்றல்லவா வந்திருக்கும்?

உச்சம் ஏன் வருகிறது? தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் நாலு பக்கமும் கைகோத்து நிற்பவர்கள் அதிக இடத்தை அடைப்பார்கள். கையை விட்டால் இடைவெளியில் இன்னொருவர் புகுந்துவிடுவார். குளிரக் குளிர மூலக்கூறுகள் நாலு பேரோடு கைகோக்கின்றன, நீர் விரிகிறது. சூடேறினால் பிடி தளர்ந்து நெருங்குகின்றன. கூடவே சூட்டினால் வரும் வழக்கமான விரிவும் உண்டு. இரண்டும் சமமாகும் இடம்தான் அந்த உச்சம்.

உங்கள் சந்தேகம் செல்லுபடியாகும் இடமும் உண்டு. மாட்ரிட்டில் அபஸ்காலும் வேகாவும் 2005இல் வெளியிட்ட மாதிரியில், இந்த உச்சத்தையும் பார்த்தே எண்களைப் பொருத்தினார்கள். அது 4ஐ ஒட்டி விடை சொல்வதில் அதிசயமில்லை. சொல்லிக்கொடுக்காத இடத்தில் அது என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம். உறையாமல் மிகக் குளிர்ந்த நீர், உயர் அழுத்தத்தில் அடர்த்தி வேறுபட்ட இரண்டு திரவங்களாகப் பிரியலாம் என்று பழைய 1974 மாதிரியை வைத்து 1992இல் ஒரு குழு சொன்னது. ஆய்வகத்தில் அங்கே போய்ச் சேருவதற்குள் நீர் பனிக்கட்டியாகிவிடும். அது நிஜமா என்று விஞ்ஞானிகளிடையே வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. 2020இல் அந்த மாட்ரிட் மாதிரியிலும் அதே பிரிவு தெரிந்தது.

பினாங்குக்கு என்ன என்கிறீர்கள். தண்ணீரின் விசித்திரம் 4 டிகிரியோடு முடிவதில்லை. சாதாரண திரவத்தைக் குளிர்வித்தால் அதை அமுக்குவது கடினமாகும். தண்ணீர் 46 டிகிரிக்குக் கீழே குளிரும்போது அமுக்க எளிதாகிறது. நம் குழாயில் வருவது 46க்குக் கீழேதானே? ஆகவே இந்த விசித்திரத்துக்குள்தான் நாமும் இருக்கிறோம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் நீங்களே ஓட்டிப் பாருங்கள். குரோமாக்ஸ் என்பது மூலக்கூறுகளை இப்படி ஓட்டும் இலவச மென்பொருள். 216 நீர் மூலக்கூறுகள் கொண்ட பெட்டி ஒன்று அதோடேயே வருகிறது. பழைய லேப்டாப் போதும். எஸ்பிசி/இ என்ற இன்னொரு நீர் மாதிரியைப் போட்டு, வெப்பத்தை மட்டும் மாற்றி அடர்த்தியைக் குறித்து வாருங்கள். உச்சம் பூஜ்யத்துக்கு 30 டிகிரிக்கும் கீழே விழும். அந்தக் குளிரில் மூலக்கூறுகள் மந்தமாக நகரும் என்பதால் நீண்ட நேரம் ஓடவிட வேண்டும்.