மனச்சிதைவை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா? முடியாதென்றால் ஆராய்ச்சியாளர்கள் என்னதான் செய்கிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதில்: இன்றைக்கு முடியாது. டாக்டர் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எழுதித் தருவது தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு, மூளைக் கட்டி மாதிரி வேறு காரணம் ஏதும் இல்லை என்று பார்த்துக்கொள்ளத்தான். இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாமல் சந்தேகப்படுவது போன்ற அறிகுறிகளோடு வரும் ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு இருக்கிறதா என்பதை, நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். மரபணுக்களின் பங்கு நிச்சயம் உண்டு. ஆனால் 2022-ல் வந்த ஒரு பெரிய சர்வதேச ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை நம் மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பங்கு மிகச் சிறியது. அதனால் ஒரு துளி ரத்தத்தை வைத்து 'இவருக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை' என்று சொல்ல வழியில்லை.

சரி, அப்படியானால் என்ன செய்கிறோம்? சென்னையில் இந்தத் துறையில் ஒரு ஆய்வுக் குழுவுக்காகக் குடும்பங்களைச் சந்தித்துத் தகவல் சேகரிப்பது என் வேலை. நாளின் பெரும்பகுதி கேட்பதிலேயே போகும்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் யாரும் தேதி சொல்வதில்லை. "பிளஸ் டூ பரீட்சை சமயத்துல ரூமை விட்டே வரமாட்டான் மேடம்" என்பார் அம்மா. "அதுக்கு முன்னாடி தாத்தா காரியத்துக்குப் போனப்பவே தனியா பேசிட்டிருந்தாம்மா" என்பார் அக்கா. இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷம் ஓடியிருக்கும். அந்த ஒரு வருஷத்தை விட்டுவிட முடியாது. சிகிச்சை தொடங்கத் தாமதமாக ஆக, நோய் தேறுவதும் கடினமாகிறது என்பது பல நாடுகளில் பார்த்தது. பிறகு, குரல் கேட்டதா, கஞ்சா பழக்கம் நோய்க்கு முன்பா பின்பா, சொந்தத்தில் வேறு யாருக்காவது உண்டா?

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் லேசில் வராது. கீழ்ப்பாக்கம் என்று சொல்லியே ஒருவரைக் கேலி செய்கிற ஊர் இது. கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டில் சித்தப்பாவின் கதையை யார் உடனே எடுப்பார்கள்? நோட்டை மூடிய பிறகு, டீ வந்த பிறகு சொல்வார்கள். எழுதிக்கொள்ளலாமா என்று மறுபடி கேட்டு, சரி என்றால்தான் எழுதுவேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த நேரம்தான். இங்கே கேட்டது தப்பாகப் பதிவானால், இருமுனைக் கோளாறு (அளவுகடந்த உற்சாகமும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் வேறொரு மனநோய்) உள்ளவர் மனச்சிதைவுப் பட்டியலில் சேர்ந்துவிட்டால், பின்னால் வரும் எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

நம் ஊர்க் குடும்பங்களைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகின் மரபணு ஆய்வுகளில் பெரும்பாலான மாதிரிகள் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. 2019-ல் மனச்சிதைவுக்குச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் செய்யும் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், சுமார் 3,000 இந்தியர்களின் மாதிரிகளைப் பார்த்தார்கள். எட்டாவது குரோமோசோமில் ஒரு இடம் சிக்கியது. நியாசின் என்கிற வைட்டமின் பி3-ஐ உடல் பயன்படுத்திக்கொள்ள உதவும் ஒரு மரபணுவோடு தொடர்புள்ள இடம் அது. பி3 கடுமையாகக் குறைந்தால் வரும் பெல்லாக்ரா நோயில் மனமும் குழம்பும் என்பது பழைய செய்தி. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் பி3 மாத்திரை வாங்கிவிடாதீர்கள், டாக்டர் கொடுத்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். இது ஒரு தடயம், மருந்துச் சீட்டு அல்ல.

"அப்போ என் பிள்ளைங்களுக்கும் வருமா?" என்று வீட்டார் கேட்பார்கள். ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். இதைச் சொன்னதும் பல அம்மாக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாரையாவது இப்படியொரு ஆய்வில் சேரச் சொன்னால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். மறுத்தாலும் சிகிச்சை நிற்காது, பாதியில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. பெயர் எப்படி மறைக்கப்படும், ரத்த மாதிரி எங்கே போகும் என்பதையும் கேளுங்கள். நேர்மையான குழு பொறுமையாகப் பதில் சொல்லும்.