உணவுத் திருவிழாவில் இனிப்புகளையும் பானங்களையும் திகட்டாமல் சுவைப்பது எப்படி?

நண்பருடன் உணவுத் திருவிழாவுக்குச் சென்றால், சில கடைகளைக் கடப்பதற்குள் எல்லா இனிப்பும் ஒன்றுபோலத் தித்திக்கத் தொடங்கிவிடுகிறது, இதைத் தவிர்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நானும் என் தோழியும் இத்தகைய விழாக்களுக்குச் சேர்ந்தே செல்கிறவர்கள். நாங்கள் பார்த்தவரை, நாக்கைக் கெடுப்பவை பெரும்பாலும் இனிப்புகள் அல்ல. அவற்றுக்கு நடுவே குடிக்கும் சர்க்கரைப் பானங்கள்தாம்.

ஒரே சுவை தொடர்ந்து நாக்கில் பட்டுக்கொண்டிருந்தால் அதை உணரும் கூர்மை சிறிது நேரத்துக்கு மங்கிவிடும். ஓர் இனிப்பை ஒரு வாய் கடித்து நிறுத்தலாம். குளிர்பானத்தையோ அப்படி நிறுத்துவதில்லை, பேசிக்கொண்டே உறிஞ்சுகிறோம், சர்க்கரை வாய் முழுவதும் பரவிவிடுகிறது. அதன்பின் நல்ல பழச்சாறுகூட வெறும் புளிப்பாகத் தோன்றும், மென்மையான பால் இனிப்பு சப்பென்றிருக்கும். ஆகவே இனிப்புகளுக்கு இடையில் எங்களுக்குத் தண்ணீர் மட்டுமே. நெய்யோ எண்ணெயோ மிகுந்த ஒன்றைத் தின்றபின் மட்டும் சர்க்கரையில்லாத தேநீர் ஒரு மிடறு குடிப்போம். தேநீரின் துவர்ப்பு வாயில் படிந்த வழவழப்பை நன்றாகவே போக்கிவிடும்.

எதை முதலில் தின்பது என்பதும் முக்கியம். மணம் மெல்லியதாகவும் இனிப்பு குறைவாகவும் உள்ளவற்றில் தொடங்கி, பாகில் ஊறியவற்றையும் சாக்லேட் போன்ற அழுத்தமான சுவைகளையும் பின்னுக்குத் தள்ளுங்கள். ஐஸ்கிரீம் கடைசிக்கும் கடைசி. குளிர்ச்சி இனிப்புணர்வைக் குறைக்கும் என்பதால்தான் அதில் சர்க்கரையைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். உருகிய ஐஸ்கிரீமை நக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுவை அணுக்களில் மின்னேற்றத் துகள்களை உள்ளே விடும் கதவுபோல இயங்கும் டிஆர்பிஎம்5 (TRPM5) என்னும் புரதம், வெப்பம் கூடும்போது கூடுதலாகச் செயல்படுவதே இதற்குக் காரணம் என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குளிர்ந்த நாக்கோடு அடுத்த கடைக்குப் போனால் அங்குள்ள இனிப்புக்குத்தான் அநியாயம். என் தோழி இதை ஒப்புக்கொள்வதில்லை. வெயிலில் நின்றுகொண்டு யாரால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பது அவள் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது.

நண்பர் உடன் வருவதன் பயன், ஒரு பங்கை இருவர் பகிர்ந்து கொள்வதோடு முடிவதில்லை. முதல் வாயைத் தின்னும்போது இருவரும் பேசாமல் இருந்து பாருங்கள். "இதில் ஜாதிக்காய் இருக்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டால், மற்றவரும் ஜாதிக்காயையே தேடத் தொடங்கிவிடுவார். விழுங்கியபின் ஒப்பிட்டால்தான் வேறுபாடு வெளிப்படும்: பழைய எண்ணெயின் காறலை அவள் உடனே பிடித்துவிடுவாள், பழச்சாற்றில் செயற்கை மணம் கலந்திருப்பது எனக்கு முதலில் தெரியும். எதன் மணம் என்று இருவருக்கும் பிடிபடாவிட்டால், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டை மென்று, பிறகு விரலை எடுப்போம். பொத்தியிருக்கும்வரை வெறும் தித்திப்புதான். விரலை எடுத்ததும் தொண்டையின் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓர் உணவைத் தின்னத் தின்ன அதன்மேல் உள்ள விருப்பம் குறைந்தாலும், தின்னாத பிற உணவுகளின்மேல் அவ்வளவாகக் குறைவதில்லை என்று ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் எடுத்துக்காட்டினார்கள். கடைக்குக் கடை புதுச்சுவை காத்திருக்கும் திருவிழாவில், போதும் என்ற உணர்வு தாமதமாகவே வருவது இதனால்தான். நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி உண்பவர், சேர்க்கப்பட்ட சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும் சேர்ந்து 50 கிராமுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வரும் கணக்கு. 300 மில்லி கோலா பானத்திலேயே ஏறத்தாழ 30 கிராம் போய்விடும். பானங்களின்மேல் எனக்குள்ள கோபத்துக்கு இது இரண்டாவது காரணம்.

அதற்காக அவற்றை விலக்கச் சொல்லவில்லை. இனிப்புகள் முடிந்து சற்று நடந்து வந்தபின், எங்காவது உட்கார்ந்து, இருவரும் வெவ்வேறு பானம் வாங்கி மாற்றி மாற்றிக் குடியுங்கள்; புளிப்பு கூடியதை முதலிலும் பால் கலந்ததைப் பிறகும் வைத்துக்கொண்டால் இரண்டின் சுவையும் தெளிவாகத் தெரியும். வீட்டுக்கு ஏதேனும் வாங்குவதாக இருந்தால், அதையும் இதன் பிறகே முடிவு செய்யுங்கள்.