ராக்கெட் விட்ட செலவு பையின் விலையில் எவ்வளவு?

கேள்வி: பெரிய பிராண்டு கைப்பை ஒன்று வாங்க இரண்டு வருடமாகப் பணம் சேர்க்கிறேன். அவர்கள் நடத்தும் ஃபேஷன் ஷோக்களைப் பார்த்தால், அந்தச் செலவையும் நம் தலையில்தான் கட்டுகிறார்களோ என்று தோன்றுகிறது. உண்மையா? வாங்கும்போது எதைக் கவனிப்பது?

பதில்: 2017 மார்ச்சில் பிரெஞ்சு பிராண்டான ஷனெல், தன் ஷோவுக்காக பாரிஸின் கிராண்ட் பலே என்ற கண்காட்சி மண்டபத்துக்குள் ராக்கெட் மாதிரி ஒன்றையே நிறுத்தி, கடைசியில் அது மேலெழும்புவதுபோல் காட்டியது. 2010-இல் அங்கேயே பனிப்பாறை. சில நிமிடக் காட்சிக்கு இத்தனையா என்று மலைப்பு வரும். ஆனால் அந்தச் செலவை விற்கும் பொருள்களுக்கெல்லாம் பங்கு போட்டால் ஒரு பைக்கு விழுவது சொற்பம்தான். பணம் கரைவது வேறு இடத்தில்.

லூயி விட்டான், டியோர் பிராண்டுகளை வைத்திருக்கும் எல்விஎம்எச் குழுமத்தின் 2023 கணக்கைப் பாருங்கள். விற்பனை சுமார் 8,615 கோடி யூரோ. சரக்குக்கு ஆன செலவு அதில் 31 சதவீதம். விளம்பரம், ஷோ, கடை வாடகை, விற்பனை ஊழியர் சம்பளம் எல்லாம் அடங்கிய தலைப்பில் 36 சதவீதம். ஆடை, தோல் பொருள் பிரிவில் மட்டும் லாபம் அதன் விற்பனையில் 40 சதவீதத்தை ஒட்டி வந்தது. 2024-இல் மிலான் நீதிமன்ற ஆவணம் ஒன்றில், 2,600 யூரோவுக்கு விற்ற டியோர் பையைத் தைத்துத் தர ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது 53 யூரோ என்று இருந்தது. தோல் செலவு தனி என்றாலும் இடைவெளி பெரிதுதான்.

அந்த இடைவெளியை நாம் கேள்வி கேட்காமல் ஏற்கவைப்பதுதான் ஷோவின் வேலை. ஷனெலின் நடுத்தர கிளாசிக் ஃபிளாப் பை அமெரிக்காவில் 2019-இல் 5,800 டாலர். 2024-இல் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. மேடையில் வரும் உடையை வாங்குகிறவர் சிலரே. சென்ட், லிப்ஸ்டிக், கூலிங் கிளாஸ் வாங்கும் கூட்டம்தான் பெரிது; அவற்றில் பல அந்த பிராண்டு செய்வதே இல்லை. பிராடா கண்ணாடியைச் செய்வது எசிலோர்லக்ஸாட்டிகா என்ற கண்ணாடி நிறுவனம். பெயருக்காக மட்டும் ஒரு சின்னப் பொருளை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி உங்கள் பை. எதால் செய்தது என்று முதலில் கேளுங்கள். LV எழுத்துகள் அச்சிட்ட லூயி விட்டானின் புகழ்பெற்ற மோனோகிராம் தோல் அல்ல, பூச்சு கொடுத்த பருத்தித் துணி. நன்றாக உழைக்கும், தோல் என்று நினைத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான். தோல் பை என்றால் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெல்லிய சுருக்கம் ஓடினால் நல்லது. பிளாஸ்டிக் போல அசையாமல் நின்றால் மேலே கனமான பெயின்ட் பூச்சு இருக்கிறது. அது மடியும் இடத்தில் நாளடைவில் வெடிக்கும். கைப்பிடியை வளைத்து, தோலின் வெட்டிய ஓரத்தில் பூசியிருக்கும் ஓரப்பூச்சைப் பாருங்கள். முதலில் உரிவது அதுதான். வார் பையோடு சேரும் இடத்தில் தையல் நெருக்கமாக, நூல் தொங்காமல் இருக்கவேண்டும். ஜிப்பை மூலை திரும்பும் இடத்தில் இழுங்கள். அங்கே சிக்கினால் வேண்டாம்.

பிறகு, அதே மாடல் பழைய பை இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். 2,000 யூரோ பை, ரிப்பேருக்கு 150, ஐந்து வருடம் கழித்து 900-க்கு விற்கும் என்று வையுங்கள். கையை விட்டுப் போவது 1,250. வருடம் 60 தடவை எடுத்தால் ஒரு தடவைக்கு சுமார் 4 யூரோ. கல்யாணம், விசேஷம் என்று வருடம் பத்தே தடவை என்றால் 25.

செப்டம்பர் ஷோவில் காட்டிய நிறம் பிப்ரவரி வாக்கில் கடைக்கு வரும், அடுத்த சீசனில் பழசாகிவிடும். மறுவிற்பனையில் முதலில் அடிபடுவது இந்த நிறங்கள்தான். கறுப்பு, பழுப்பு மாதிரி வருடா வருடம் தொடரும் நிறமே பாதுகாப்பு. பணம் கட்டுமுன் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: ஓரப்பூச்சு, கொக்கி முலாம் எல்லாம் பிறகு சரிசெய்து தருவார்களா? வெளியாள் கைவைத்த பையைப் பல பிராண்டுகள் ரிப்பேருக்கு எடுப்பதில்லை.