கேட்காமலே நீண்டுவிட்ட வீட்டுக் கடன்

கேள்வி: 2021 ஆகஸ்டில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினேன். மாறும் வட்டி, அன்றைக்கு 7 சதவீதம், 20 ஆண்டுகள், மாதத் தவணை 23,259 ரூபாய். 2023 தொடக்கத்தில் வட்டி 9.5 சதவீதமாகி, தவணை சுமார் 24,600 ஆனது. பிறகு வட்டி குறைந்ததும் தவணையைக் குறைத்தார்கள். இப்போது கணக்கு அறிக்கையைப் பார்த்தால் கடன் 2051-ல்தான் முடியுமாம். நான் ஓய்வுபெறுவதோ 2041-ல். என்னிடம் யாரும் கேட்கவில்லை. வழக்குப் போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வட்டி ஏறியதற்காக வழக்குப் போட்டு பயனில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கையெழுத்திட்டவர் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால், உங்களைக் கேட்காமல் காலத்தை நீட்டிய விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

நீட்டியதன் விலையைப் பாருங்கள். 2023 தொடக்கத்தில் அசல் பாக்கி ஏறத்தாழ 29 லட்சம் இருந்திருக்கும். 9.5 சதவீதத்தில் அதன் ஒரு மாத வட்டியே சுமார் 22,950 ரூபாய். பழைய தவணையையே கட்டியிருந்தால் அசலில் மாதம் 300 ரூபாய்தான் கழிந்திருக்கும். 2041-லேயே கடன் முடிய வேண்டுமானால் தவணை 27,800 ஆகியிருக்க வேண்டும். நீங்கள் கட்டியதோ 24,600. மாதம் 3,200 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். அதே வட்டி நீடித்திருந்தால், அந்த மிச்சத்துக்காக நீங்கள் கூடுதலாகக் கட்டும் தொகை 22 லட்சத்தைத் தாண்டும்! இதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். கிளையின் கணினி அல்ல.

2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதைத்தான் சொல்கிறது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும். உங்கள் கடன் அதற்கு முன்பே நீட்டப்பட்டுவிட்டது என்று வங்கி வாதிடலாம். அந்த வாதம் நிற்காது. பழைய கடன்களுக்கும் 2023 டிசம்பர் 31-க்குள் இதை நடைமுறைப்படுத்தி, கடன்தாரர்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று அதே சுற்றறிக்கை கூறுகிறது. ‘காலத்தை மாற்ற வங்கிக்கு உரிமை உண்டு’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், ரிசர்வ் வங்கியின் உத்தரவு வங்கியைக் கட்டுப்படுத்தும்.

கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். கடனை 2041 ஆகஸ்டில் முடிக்க எவ்வளவு தவணை என்று கேட்டு, அதற்கு மாற்றச் சொல்லுங்கள். இனி வட்டி குறைந்தால் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். வட்டி இறங்கும் காலத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதக் கட்டணம் கிடையாது.

30 நாட்களில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியே புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அதனால், கடிதத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். அந்த 30 நாள் கணக்குக்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.