பக்கத்து வீட்டு மேல்மாடிக்கு ஆட்சேபம் சொல்லலாமா?

கேள்வி:

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறோம். 8 பேர்ச் காணி, சொந்த வீடு. பக்கத்து வீட்டார் எங்களுடைய ஆட்கள்தான். தீபாவளிப் பலகாரம் மதிலுக்கு மேலால் போய் வந்த காலமெல்லாம் உண்டு. இப்போது அவர்களுடைய மகளுக்குக் கல்யாணம் சரிவந்திருக்கிறது. சீதனத்துக்காக மேல்மாடி எழுப்பி, பின்பக்கத்தையும் மதில் வரை நீட்டப் போகிறார்களாம். மாநகர சபைக்குப் பிளான் கொடுத்தாயிற்று என்று மூன்றாம் ஆள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சுவர் எழும்பினால் எங்கள் குசினிக்கு வெளிச்சம் போய்விடும். சில வருடங்களுக்கு முன் பின்பக்கம் இறக்கிக் கட்டிய குசினி அது, யன்னல் எல்லைச் சுவரிலேயே இருக்கிறது. மேல்மாடியில் நின்றால் எங்கள் பின்வளவு முழுக்கத் தெரியும். வீட்டின் விலையும் விழும். லண்டனில் இருக்கும் தம்பி, "உடனே ஒப்ஜெக்‌ஷன் போடு அக்கா, நிறுத்திவிடுவார்கள்" என்கிறான். கணவரோ, "சும்மா இரு, அயலோடு பகை வேண்டாம்" என்கிறார். நான் என்ன செய்ய?

– வெள்ளவத்தை வாசகி

பதில்:

உங்கள் தம்பி சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. இங்கிலாந்தில் ஒருவர் வீட்டை நீட்ட விண்ணப்பித்தால், உள்ளூர்க் கவுன்சில் அயல் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பும், அல்லது வீட்டு வாசலில் அறிவித்தல் ஒட்டும். கருத்துச் சொல்ல 21 நாள் கிடைக்கும். கொழும்பில் சாதாரண வீட்டு வேலைக்கு அப்படி யாரும் உங்கள் கதவைத் தட்டிக் கேட்க மாட்டார்கள். அதற்காக நீங்கள் பேசவே முடியாது என்று இல்லை. நீங்களாகப் போய், நேரத்தோடு, பேச வேண்டிய விதத்தில் பேச வேண்டும். நிறுத்திவிடுவார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆனால் பிளானைத் திருத்த வைக்க முடியும், உங்களுக்குத் தேவையானதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் அனுமதி யார் கையில் என்று பார்ப்போம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம்தான் அடிப்படை. அதன் கீழ் 2021 ஜூலையில் வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளை வைத்துத்தான் இப்போது பிளான்களைப் பார்க்கிறார்கள். பெரிய கட்டடங்களின் பிளான்கள் பத்தரமுல்லையில் உள்ள அதிகார சபைத் தலைமையகத்துக்குப் போகும். வீட்டு வேலைகளை அதிகார சபை ஒப்படைத்த அதிகாரத்தின்படி மாநகர சபையே பார்க்கும். நீங்கள் வெள்ளவத்தை என்பதால் கொழும்பு மாநகர சபை இருக்கும் டவுன்ஹோலுக்குப் போனால் போதும். (தெஹிவளை வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு அது தெஹிவளை - கல்கிசை மாநகர சபை. டவுன்ஹோலில் வரிசையில் நின்று திரும்பி வராதீர்கள்.)

அங்கே உங்கள் மனக்குறையை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அதிகாரி கையில் இருப்பது அளவுகள். காணியில் எத்தனை வீதம் கட்டடம், பின்பக்கம் எத்தனை அடி வெளி, வீதிக் கோட்டுக்கும் கட்டடக் கோட்டுக்கும் உள்ளேயா வெளியேயா, உயரம் எவ்வளவு, யன்னல் எந்தச் சுவரில், வாகனம் நிறுத்த இடம் உண்டா. அந்த அளவுகள் சரியாக இருந்தால், தன் காணியில் கட்ட அவருக்கு உரிமை இருக்கிறது. உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது மனசுக்குப் பெரிய விஷயம், எனக்குப் புரிகிறது. ஆனால் அதைக் கடிதத்தில் எழுதினால் படிக்கிறவர் "ஓ, இது அயல் சண்டை" என்று முடிவுகட்டிக் கோப்பை மூடிவிடுவார்.

அதனால் உங்கள் குறைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வீட்டின் விலை விழும் என்பதை எழுதவே வேண்டாம். வெள்ளவத்தையில் பக்கத்தில் மாடி எழும்பியதால் விலை விழுந்த வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை, அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார். பின்வளவு தெரியும் என்பது பாதி நியாயம். ஒருவர் தன் வீட்டு மாடியில் நிற்பதைத் தடுக்க முடியாது. ஆனால் எல்லையோடு ஒட்டி எழுப்பும் சுவரில் யன்னல் திறக்க விடமாட்டார்கள். அவர்களுடைய பிளானில் உங்கள் பக்கச் சுவரில் யன்னலோ பல்கனியோ வரைந்திருந்தால், அது எழுத வேண்டிய விஷயம்.

உங்கள் கையில் உள்ள வலுவான துரும்பு நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன பின்பக்கம்தான். "மதில் வரை நீட்டுகிறார்கள்" என்றீர்களே, ஒழுங்குவிதிகள் கேட்பது அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு காணியிலும் வீட்டுக்குப் பின்னால் வானம் தெரிய ஒரு வெளி விட வேண்டும். கட்டடம் உயர உயர அந்த வெளியும் கூட வேண்டும். ஒரு மாடி வீட்டுக்கு விட்டிருந்த வெளி, மேல்மாடி வந்த பிறகு போதாமல் போகலாம். காற்று, வெளிச்சம், தீப்பிடித்தால் ஆள் நுழைய வழி, எல்லாம் அந்த வெளியை நம்பித்தான். மேல்மாடி என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அயலவருக்கு நிஜமான பாதிப்பு வருவது பெரும்பாலும் பின்பக்கத்தால்தான்.

இன்னொன்று மழைநீர். புதுக் கூரையின் பீலி எந்தப் பக்கம் விழுகிறது, நிலத்துக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். தன் கூரைத் தண்ணீரை அடுத்தவர் வளவுக்குள் விட யாருக்கும் உரிமை இல்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் உங்கள் பின்வாசலுக்குள் தண்ணீர் நிற்கிறபோது சண்டை பிடிப்பதைவிட, இப்போதே பிளானில் ஒரு பீலியைத் திருப்பி வரைய வைப்பது சுலபம்.

இனிக் குசினி. கோபிக்காமல் கேளுங்கள். எல்லைச் சுவரில் யன்னல் வைக்க முடியாது என்று மேலே சொன்னேன், உங்கள் குசினி யன்னல் இருப்பதே எல்லைச் சுவரில்தான். பின்பக்கம் நீங்கள் இறக்கிக் கட்டியபோது பிளான் பாஸ் பண்ணினீர்களா? கட்டி முடிந்த பிறகு இணக்கச் சான்றிதழ், அதாவது எல்லாரும் சி.ஓ.சி. என்கிறார்களே, அது எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை, எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த கடிதத்தைப் பார்த்து இடத்தைப் பரிசோதிக்க வருகிற உத்தியோகத்தர் மதிலின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் பதிலுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவர்தானே.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை சட்டம் உங்களுக்கு அவ்வளவு தாராளம் இல்லை. இங்கே நடப்பில் உள்ள ரோமன் டச்சுச் சட்டப்படி, பக்கத்துக் காணிக்கு மேலால் வருகிற வெளிச்சம் தானாக உங்கள் சொத்தாகிவிடாது. உறுதியில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது நீண்டகால அனுபவத்தால் உரிமை வந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இரண்டாவது வழி லேசானது இல்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் 10 வருடம் கேட்கிறது, அதுவும் அவர்கள் அனுமதித்து விட்டிருந்தது என்றால் செல்லாது. உங்கள் பழைய உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்து ஒரு லோயரிடம் காட்டிவிட்டு அதன் பிறகு முடிவெடுங்கள். அதுவரை கடிதத்தில் குசினி என்ற சொல்லே வரவேண்டாம். குசினிக்கு மேல்கூரையில் ஒரு கண்ணாடித் தகடு போட்டால் வெளிச்சம் உங்கள் வானத்திலிருந்தே வரும். அந்தச் செலவு எந்த வழக்குச் செலவையும்விடக் குறைவு.

சரி, எப்படித் தொடங்குவது? பிளானைப் பார்ப்பதில் இருந்து. நீங்கள் இதுவரை கேட்டதெல்லாம் மூன்றாம் ஆள் கதை. "மதில் வரை" என்பது மதிலில் இருந்து பத்தடி தள்ளியாகவும் இருக்கலாம். நேரே போய், கல்யாணம் விசாரித்துவிட்டு, "பிளானை ஒருக்கால் பார்க்கலாமா" என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் கணவரும் அந்த வீட்டு ஐயாவும் கதைக்கட்டும். ஆண்கள் இரண்டு பேர் தாளை விரித்து அளவு பார்க்கத் தொடங்கினால் கோபம் கொஞ்சம் குறையும், என் அனுபவம் அது. தாளில் நீங்கள் தேட வேண்டியவை காணிப் படத்தில் பின் எல்லைக்கும் சுவருக்கும் இடையே எழுதியிருக்கும் எண், குறுக்குவெட்டுப் படத்தில் உயரம், உங்கள் பக்கச் சுவரில் யன்னல் குறி. காணிப் படத்தில் எல்லை எங்கே ஓடுகிறது என்பதை உங்கள் நில அளவைப் படத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். பழைய மதில்கள் எல்லையில் இருந்து ஓரடி விலகி நிற்பது கொழும்பில் சர்வ சாதாரணம். அந்த ஓரடியில்தான் பாதி வழக்கு.

காட்ட மாட்டார்கள் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டின் உள் அறைப் படத்தைத் தர மறுக்கலாம், அது அவர்களுடைய அந்தரங்கம். அனுமதி கொடுத்தாயிற்றா, எந்தத் திகதியில், என்ன இலக்கத்தில், என்ன நிபந்தனையோடு, பின்வெளி எத்தனை அடி என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மாநகர ஆணையாளருக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். தமிழ் அரச கரும மொழி, நீங்கள் தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெற அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அவசரமாக அலுவல் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ஆங்கிலப் பிரதியும் இணைத்துவிடுங்கள், கோப்பு வேகமாக நகரும். இரண்டு வீட்டின் அசெஸ்மன்ட் (வரி மதிப்பீட்டு) இலக்கமும் கட்டாயம் வேண்டும். அப்புறம் இப்படி:

"மேற்படி இலக்க வீட்டின் பின்பக்க விரிவாக்கத்தில், எமது எல்லையை ஒட்டிய பக்கத்தில் தேவையான பின்வெளி விடப்படவில்லை என அறிகிறோம். கூரை நீர் எமது வளவுக்குள் விழும் வகையில் அமைந்துள்ளது. இடத்தைப் பார்வையிட்டு, 2021 ஒழுங்குவிதிகளுக்கு அமைய உள்ளதா எனச் சரிபார்த்து எமக்கு அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இவ்வளவு போதும். ஒழுங்கை முழுக்கப் போய்க் கையெழுத்து வாங்காதீர்கள். இருபது கையெழுத்தைவிட ஒரு சரியான அளவுக்கு மதிப்பு அதிகம். பெயர் போடாத பெட்டிசன் அடிக்கிற வேலையும் வேண்டாம். யார் எழுதியது என்று அன்றைக்கே தெரிந்துவிடும், ஒழுங்கை அப்படி. கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் போடுங்கள்.

அனுமதி கிடைப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டாலோ, பாஸ் ஆன பிளானுக்கு மாறாகக் கட்டினாலோ கதை வேறு. அப்போது நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் வேலையை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் கொடுக்கலாம். பணியாவிட்டால் இடிக்க உத்தரவு கேட்டு நீதவான் நீதிமன்றம் போகலாம். போக வேண்டியது அதிகார சபையோ மாநகர சபையோ, நீங்கள் இல்லை. உங்கள் வேலை திகதியோடு படம் எடுத்து, நாளைக்கு என்று தள்ளாமல் அறிவிப்பது. கொங்கிரீட் போட்ட பிறகு சொன்னால் அதிகாரிகளுக்கும் கை வராது. அனுமதியே சட்டத்துக்கு முரணாகக் கொடுக்கப்பட்டது என்றால் அதை இரத்துச் செய்யக் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு, உங்கள் எல்லைக்குள் வந்துவிட்டார்கள் என்றால் புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில் தடை உத்தரவு. இரண்டுக்கும் லோயர் வேண்டும், காசும் வருடங்களும் வேண்டும். ஒரு பீலிக்காக அங்கே போக வேண்டாம்.

வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் சுவர், நிலம், மதில் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே உள்ள வெடிப்புகளைப் பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து எடுங்கள். அத்திவாரம் வெட்டும்போது உங்கள் மதில் அசைந்தால் எது பழைய வெடிப்பு, எது புது வெடிப்பு என்று சொல்ல அது ஒன்றுதான் சாட்சி. படங்களை அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், மேசன் பாஸ் கவனமாக வெட்டுவார். கட்டுமான இடத்தில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் தயங்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, அதாவது பி.எச்.ஐ.க்குச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம், டெங்கு வந்தால் மதிலின் இரண்டு பக்கமும்தான் வரும்.

உங்கள் கணவர் சொன்ன பகையைப் பற்றி ஒன்று. கடிதம் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். "பின்வெளியையும் பீலியையும் பற்றி மாநகர சபைக்கு எழுதப் போகிறோம், நீங்களே பிளானைத் திருத்தினால் தேவையில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னால், அநேகமாக வரைஞரைக் கூப்பிட்டு ஒரு கோட்டை மாற்றிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் வழக்கு, பரிசோதனை என்று இழுபடுவதை மணப்பெண் வீட்டார் யாரும் விரும்ப மாட்டார்கள். அது உங்களுக்குச் சாதகம். கல்யாண அழைப்பு வந்தால் இரண்டு பேருமாகப் போய் வாருங்கள்.