கழுத்தும் கட்டைவிரலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் இசைக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில்தான் இதைக் கேட்கிறேன். எனக்கு வயது 31. எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவதற்காக அறுபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். நான்கு மாதங்களாக யூடியூபில் ஒப்பீட்டுக் காணொளிகளைப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையா, கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் வகையா? தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா? உடல் எந்த மரத்தில் இருக்க வேண்டும்? எல்லோரும் கடைசியில் “உங்கள் பாணிக்கு ஏற்றதை வாங்குங்கள்” என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கென்று பாணி எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். ஆறு வருடங்களாக எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன், அவ்வளவுதான். பாணியே இல்லாதவன் எந்தக் கிட்டாரை வாங்குவது? இந்த வயதில் தொடங்குவது தாமதமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்,
ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஒரு பழைய கிட்டாரின் கழுத்தை, அதாவது இடது கை பிடிக்கும் அந்த நீண்ட பகுதியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். அந்தக் கிட்டாரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆறு வருடம் என்றால் முந்நூறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேல் ஆகிறது. பாடுகிறவர் முன்னறிவிப்பின்றிச் சுருதியை ஏற்றினால் கூடவே ஏறி, பின்வரிசைப் பெரியவர்கள் தாளத்தை இழுத்தால் கூடவே இழுத்து, ஒருவர் வரியை மறந்தால் அவர் மீளும்வரை அதே கார்டில் (சேர்ந்தொலிக்கும் சுரங்களில்) நின்று சமாளித்து, முந்நூறு காலைகளைக் கடந்து வந்த ஒரு மனிதர், நான்கு மாதம் காணொளி பார்த்துவிட்டுத் தனக்குப் பாணியே கிடையாது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறார். எனக்குக் கோபம் வந்தது. “அவ்வளவுதான்” என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கத் தோன்றியது. பாணி என்பது தனியாவர்த்தனம் வாசிக்கிறவர்களின் சொத்து என்று உங்களுக்கு யார் சொன்னது? யோசிக்காமல் வாசிக்கும்போது உங்கள் கைகள் என்ன செய்கின்றனவோ, அதைத்தான் பாணி என்கிறோம். நீங்கள் உங்கள் கைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

வயதைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. மரத்தைப் பற்றி இரண்டே வரி: உள்ளே குடைவில்லாத திட உடல் கிட்டாரில் தந்தி, பிக்கப், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), விரல் ஆகியவை செய்யும் வேலைக்கு முன்னால் உடல் மரத்தின் பங்கு மிகச் சிறியது. எடையை மட்டும் பாருங்கள், ஏனென்றால் நான்கு கிலோவைத் தாண்டிய ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றால் உங்கள் பாணி இடது தோளிலிருந்துதான் தொடங்கும்.

பிக்கப் விஷயம் அப்படிச் சுலபமாகத் தள்ளக்கூடியது இல்லை. சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் அதே சுருள், அக்கம்பக்கத்து மின்சாரத்தையும் ஆன்டெனாவைப் போலப் பிடித்துவிடும். கிப்ஸன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக அமைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் தந்தியின் ஒலி மட்டும் கூடவும் வழிசெய்தார். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957 முதல் கிட்டார்களில் பொருத்தப்பட்ட அந்த ஹம்பக்கரின் ஒலி தடிப்பானது. சிங்கிள் காயிலின் ஒலி மெலிந்தது, விளிம்பு கூரானது. காணொளிகள் இதுவரைக்கும் சொல்லியிருக்கும். நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் அந்த இரைச்சல் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லியிருக்காது.

எங்கள் குழுவில் முதன்மைக் கிட்டார் வாசித்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். அவருடையது மூன்று சிங்கிள் காயில்கள் கொண்ட மலிவான உள்ளூர் நகல். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் டியூப்லைட் வரிசை, பந்தல் முழுக்கச் சீரியல் செட். எர்த் என்ற ஒன்று இருப்பதையே யாரும் நினைத்துப் பார்த்திராத வயரிங். ஆம்பை இயக்கியவுடன் நொடிக்கு ஐம்பது சுற்று ஓடும் மின்சாரம் பந்தல் முழுக்க முனகும். அண்ணன் கிட்டாரை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சுழல்வார். கிட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து அந்த முனகல் கூடும், குறையும். ஓரிடத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். பெரும்பாலும் அந்த இடம் கூட்டத்துக்கு முதுகு காட்டியபடி, கீபோர்டு வாசிப்பவரைப் பார்த்ததாகத்தான் அமையும். கச்சேரி முழுக்க அப்படியே நிற்பார். அண்ணனுக்குக் கூச்ச சுபாவம் என்றும், தலைக்கனம் என்றும் ஊருக்கு ஊர் பேச்சு உண்டு.

ஹம்பக்கர் வைத்த கிட்டார் ஒன்று நல்ல விலைக்கு வந்தபோது அதை வாங்கிவிடும்படி நான் சொன்னேன். அவர் அதைக் கையில் வாங்கி, வாசிக்காமலே, கழுத்தை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “முனகினால் திரும்பி நின்றுகொள்ளலாம். கழுத்து சரியில்லை என்றால் எந்தப் பக்கம் திரும்புவது?” என்றார்.

அண்ணனின் இடது சுண்டுவிரல் சிறுவயதில் முறிந்து கோணலாகக் கூடியது. அதை நம்பி எந்த ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியை அழுத்த முடியாது. அதனால் ஆறாவது தந்தியைக் கட்டைவிரலால் கழுத்தின் மேலிருந்து வளைத்துப் பிடிப்பார். கடையில் வாங்கிய கழுத்து அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனபோது தந்திகளைக் கழற்றிவிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் கழுத்தின் பின்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் பதறிப்போனேன். பட்டையாகச் சுரண்டவில்லை, முதல் ஃப்ரெட்டுக்கும் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கும் இடையில், அதுவும் கட்டைவிரல் ஏறி வரும் மேல் பக்கத்தில் மட்டும். கொஞ்சம் சுரண்டுவார், உப்புத்தாளால் தேய்ப்பார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு அரிசியில் கல் பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் துழாவுவார். மறுபடி தந்தி கட்டி இரண்டு கச்சேரி வாசிப்பார். மறுபடி கழற்றுவார். ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அதை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் அந்தக் குழிவைத் தேடிப் போய், அது வேறு யாருக்கோ வெட்டிய குழி என்று தெரிந்து திரும்பி வந்தது.

இனி ஸ்ட்ராட்டோகாஸ்டரா (சுருக்கமாக ஸ்ட்ராட்), லெஸ் பாலா என்ற உங்கள் கேள்வி. லெஸ் பால் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? 1958இல் பருத்திருந்த அதன் கழுத்து 1960இல் மெலிந்துவிட்டது. ஒரே பெயர், ஒரே நிறுவனம், இரண்டே வருட இடைவெளி; கைக்கு அவை இரண்டு வேறு கருவிகள். ஃபெண்டரும் இப்படித்தான் தடித்த கழுத்தில் தொடங்கிப் பல வடிவங்களுக்கு மாறியது. முதல் ஃப்ரெட்டில் 20 மில்லிமீட்டர் ஆழமுள்ள கழுத்து ஒல்லி, 25 என்றால் பருமன். நடுவிலிருக்கும் அந்த ஐந்து மில்லிமீட்டருக்குள்தான் உங்கள் ஆறு வருடம் உட்கார வேண்டும். இதோடு நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெண்டரில் கழுத்தின் முனையிலுள்ள நட்டிலிருந்து உடலில் தந்தி ஊன்றும் பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 25.5 அங்குலம், கிப்ஸனில் ஏறத்தாழ 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஒரே தடிமன் தந்தியை ஒரே சுருதிக்குக் கட்டும்போது நீளமான கழுத்தில் இழுவிசை சுமார் ஆறு சதவீதம் கூடிவிடும். தந்தியைத் தள்ளி வளைத்து வாசிக்கிற விரலுக்கு அது இரண்டாவது பாட்டிலேயே தெரிந்துவிடும். விரல்பலகையின் வளைவும் உண்டு: பழைய ஃபெண்டரின் 7.25 அங்குல ஆர வளைவு, கார்டு பிடிக்கும் உள்ளங்கைக்கு இதமானது. ஆனால் தந்தியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு மேல் ஃப்ரெட்டுகளில் வளைத்தால் ஒலி தட்டுப்பட்டுச் செத்துவிடும். 12 அங்குல ஆரமுள்ள தட்டையான கிப்ஸனில் அந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலும் கார்டு பிடிக்கிற உங்களுக்கு எது பொருந்தும் என்று நீங்களே இப்போது ஊகித்திருப்பீர்கள். ஆனாலும் ஊகத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. வாசிக்கிறவர்களிடம் கருவியைக் கொடுத்து, அவர்கள் முறையிட்டதைக் கேட்டுத் திருத்தினார். முந்தைய ஃபெண்டர் கிட்டாரான டெலிகாஸ்டரின் பலகை விளிம்பு விலாவில் குத்துகிறது என்ற முறையீட்டுக்குப் பிறகுதான் 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் வளைத்துச் செதுக்கப்பட்டது. நீங்கள் காணொளியில் ரசிக்கிற அந்த அழகு ஒரு விலா வலியிலிருந்து வந்தது. பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பதினேழாவது வயதில் பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்து, உருக்கிய பிளாஸ்டிக்கில் நுனிகள் செய்து மாட்டி, மெல்லிய தந்திகளைக் கட்டி, பிற்பாடு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் கனத்த ஒலியில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், இணை இணையாக எட்டுத் தந்திகள் கொண்ட வழக்கமான மாண்டலினில் கமகம் நிற்காது என்பதால் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்கு மாறினார். கருநாடக இசைக்கு எந்த மாண்டலின் சிறந்தது என்று அவர் கடையில் போய்க் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்களைத் திட்டும் உரிமை எனக்கு ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடச் சேமிப்பு முழுவதையும் ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செலவழித்தவன் நான். வெள்ளை நிறம், பளபளப்பு, மிக ஒல்லியான கழுத்து. வேகமாக வாசிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார், அதுவும் பொய்யில்லை. எனக்கோ பெரிய கை. ஒல்லிக் கழுத்தை அந்தக் கை கவ்விக் கவ்விப் பிடித்து, மூன்றாவது பாட்டில் மணிக்கட்டு எரியத் தொடங்கிவிடும். பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக வாசித்தேன். இரண்டு வருடத்தில் பாதி விலைக்கு விற்றேன். நானும் என்னைப் பாணியில்லாதவன் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அதுதான். பிறகு ஒரு நண்பரின் வீட்டில் கிரிக்கெட் மட்டையின் பிடிபோலத் தடித்த கழுத்துள்ள, பூச்சு உதிர்ந்த டெலிகாஸ்டர் நகல் ஒன்றை எடுத்து ஒரு மணி நேரம் வாசித்தேன். எழுந்தபோது மணிக்கட்டு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

ஆகவே கடைக்குப் போங்கள், பெங்களூரு உங்களுக்கு ஒரு மணி நேரம். ஆம்பில் செருகாமல், கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டாருக்கு இருபது நிமிடம் கொடுங்கள். கற்றுக்கொண்ட ஸோலோ எதையும் வாசித்துக் காட்ட வேண்டாம். கடையில் யாரும் உங்களைக் கேட்க வரவில்லை. உங்கள் சபையில் அடிக்கடி பாடும் பாட்டை, நினைப்பு வேறெங்கோ இருக்கும்போதும் கை தானாக வாசிக்கும் பாட்டை, மூன்று சுருதிகளில் வாசியுங்கள். வலது கை எங்கே ஊன்றுகிறது, ஸ்ட்ரம் செய்யும்போது (தந்திகளை ஒருசேர மீட்டும்போது) வால்யூம் குமிழில் இடிக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ராட்டில் அது பிரிட்ஜுக்கு மிக அருகில் இருப்பதால் சிலருக்கு வரம், சிலருக்குத் தொந்தரவு. பிறகு நின்றுகொண்டு அதே பாட்டு. ஹம்பக்கரா, சிங்கிள் காயிலா என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையின் வயரிங் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் போக வேண்டாம்; மீதியில் ஒரு சிறு ஆம்பும், தந்தி உயரத்தையும் நட்டின் பள்ளங்களையும் சரிசெய்து தரத் தெரிந்த ஒருவருக்குக் கூலியும் கொடுத்துவிடலாம்.

போய் வந்து எனக்கு எழுதுங்கள். கிட்டாரின் பெயரும் நிறமும் வேண்டாம். பல்லவி முடிந்து பாட்டு மேலே ஏறும் இடத்தில் உங்கள் கட்டைவிரல் கழுத்தின் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.