கடனுக்குக் கடிவாளம் போட்டால் வீட்டு விலை இறங்குமா?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். முதல் வீடு வாங்க, விலையில் 10 சதவீதம் சேர்த்து வைத்திருக்கிறோம். வீட்டு விலையைக் கட்டுப்படுத்த, வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு வரம்பு வரப்போகிறது என்கிறார்கள். விலை இறங்கும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: அதை மட்டும் நம்பிப் பொறுத்திருக்க வேண்டாம். இப்படிப்பட்ட வரம்புகள் பெரும்பாலும் விலை ஏறும் வேகத்தைத்தான் குறைக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று: சேர்த்து வைத்த 10 சதவீதம் போதாமல் போய்விடலாம்.

முதலில், கடனுக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்? ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பங்கள் போட்டி போடுகின்றன, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி இருவருக்கும் 80 லட்சம் வரை கடன் தந்தால் பேரம் அதையொட்டி முடியும். இருவருக்கும் 95 லட்சம் தந்தால்? வீட்டில் ஒரு செங்கல்கூடக் கூடவில்லை. கூடுதல் 15 லட்சம் விற்பவர் பைக்குப் போகிறது. இதைத் தடுக்கத்தான் மத்திய வங்கிகள் தலையிடுகின்றன.

வரம்பு இரண்டு வகை. ஒன்று, வீட்டு விலையில் இத்தனை சதவீதம்தான் கடன் என்பது. நியூசிலாந்தில் 2013 அக்டோபரில், விலையில் 80 சதவீதத்துக்கு மேல் போகும் கடன்களை வங்கிகள் தங்கள் புதிய வீட்டுக் கடனில் 10 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. இந்த வகையில் ஒரு ஓட்டை இருக்கிறது. 80 சதவீத வரம்பில் 100 விலை வீட்டுக்கு 80 கிடைக்கும். அதே வீடு 130 ஆனால் 104 கிடைக்கும். விலை ஏற ஏறக் கடனும் கூடவே ஏறும், விதி மீறப்படவே இல்லை!

மற்றது, வருமானத்தில் இத்தனை மடங்குதான் என்பது. அயர்லாந்து 2015-ல் ஆண்டு வருமானத்தின் 3.5 மடங்கு என்று வைத்தது. 2023-ல் முதல் வீடு வாங்குபவர்களுக்கு அதை 4 மடங்காகத் தளர்த்தியது. பிரிட்டன் 2014 முதல், வருமானத்தைப் போல 4.5 மடங்கும் அதற்கு மேலும் உள்ள கடன்களைப் புதிய கடன்களில் 15 சதவீதத்துக்குள் வைக்கச் சொன்னது. என்னைக் கேட்டால் இந்த வகைதான் உறுதியானது. வட்டி 9 சதவீதத்திலிருந்து 7 ஆக இறங்கினால், 20 ஆண்டுக் கடனில் அதே மாதத் தவணைக்குச் சுமார் 16 சதவீதம் கூடுதல் கடன் வாங்க முடியும். அந்தப் பணம் விலையை ஏற்றிவிடும். வருமான மடங்கு வரம்பு வட்டியைப் பார்த்து நீளாது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். கையில் 10 இருக்கிறது. வங்கி 90 சதவீதம் தந்தால் 100 விலை வீடு உங்களுக்கு எட்டும். 80 சதவீதம்தான் என்றால் அதே 10-க்கு 50 விலை வீடுதான். அதற்காக விலையும் பாதியாகிவிடாது. ரொக்கமாக வாங்குபவர்களும், பழைய வீட்டை விற்றுப் பணத்தோடு வருபவர்களும் சந்தையிலேயேதான் இருப்பார்கள். வீடுகளுக்குத் தட்டுப்பாடு இருந்தால், அதைக் கடன் வரம்பு தீர்க்கவும் தீர்க்காது. இந்த விதிகளில் முதலில் அடிபடுவது உங்களைப் போன்றவர்கள்தான். அதனால்தான் பல நாடுகள் முதல் வீட்டுக்குச் சலுகையும் இரண்டாவது வீட்டுக்குக் கெடுபிடியும் வைக்கின்றன. உங்களுக்கு அந்தச் சலுகை உண்டா என்று வங்கியில் கேளுங்கள்.

குறையும் முன்பணத்துக்குத் தனிநபர் கடன் வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வட்டி அதிகம், காலம் குறைவு. அந்தத் தவணையையும் கழித்துத்தான் உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்று வங்கி பார்க்கும். வீட்டுக் கடனே சுருங்கிவிடும்.

தவணை போக வீட்டுச் செலவு தாராளமாக நடக்கும், சில ஆண்டுகள் அங்கேயே இருப்பீர்கள் என்றால் இப்போதே வாங்கலாம். அப்புறம் ஒரு விஷயம்: புதிய வரம்பு விண்ணப்பித்த தேதியிலிருந்தா, கடன் அனுமதியான தேதியிலிருந்தா என்பதை, விற்பவருக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடையில் விதி மாறினால் கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வரியை ஒப்பந்தத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள்.